தார் ரோட்டிலும் கேட்ட சத்தம்

மிஸ்ஸிடம் ஒரு கேள்விதான் இருந்தது. "எதை வச்சு சொல்றீங்க?"

யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார். சிரித்துக்கொண்டும் கேட்க மாட்டார். கேட்டுவிட்டு ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வரும்வரை நகர மாட்டார்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவமாது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் லயமாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பது அவர் வேலை. பதுளை டவுன் ஆள். வேதக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்போம். பெயர் தெரியும், இங்கே வேண்டாம்.

என் கராஜ் ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில். தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் வந்து ஏறும் இடம். கீழ் டிவிஷனிலிருந்து யார் மேலே வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் மிஸ்ஸை நான் தினமும் பார்த்தேன். நாலு வருசம்.

கீழ் டிவிஷன் லயத்தில் ஒருநாள் ஓட்டோ ஒன்றுக்கு கிளட்ச் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். மிஸ் வந்தார். அடுத்த வாசலில் ஒரு மாமியார், மருமகளுக்கு எட்டு மாதம். பிள்ளை நன்றாகத் துள்ளுகிறது என்றார் மாமியார். மிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாமியாருக்கு ஏறிவிட்டது. நான் ஆறு பெத்தவ, எனக்குத் தெரியாதா என்றார்.

"அது உங்க வயிறு. இது அவ வயிறு" என்றார் மிஸ்.

பிறகு பையிலிருந்து பத்து தேயிலை விதையை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். இரண்டு கோப்பை வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பிள்ளை ஒரு தடவை அசைந்தால் ஒரு விதையை இந்தக் கோப்பையிலிருந்து அந்தக் கோப்பைக்குப் போட வேண்டும். பத்தும் மாற எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நேரம் கூடினால் உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

எல்லா லயத்திலும் இப்படித்தான் கொடுத்து வைத்திருந்தார். விதை மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சந்தேகம் என்றால் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பாதிப் பேர் அன்றைக்கே திரும்பி வருவார்கள், ஒன்றுமில்லை என்று. ஒரு புருசன் என் கராஜில் வைத்து மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் வேலை போனது, பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்து அவள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றான்.

"அவங்க பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாங்க. நான் பாக்காமலே சொல்லணுமா?"

அவன் போய்விட்டான். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் என் கூட்டாளி. மிஸ் கத்தரிக்காய் வாங்கினாலும் பதுளைக்கு அனுப்பிக் காட்டித்தான் வாங்கும் என்றான், அவர் போன பிறகு. நானும் சிரித்தேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு தடவை கேட்காமல் விட்டாராம். அவ்வளவுதான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

கார் அவருடைய சொந்தக் கார். வேலைக்கு ஸ்கூட்டர்தான். ஆனால் ஸ்கூட்டரில் பிள்ளைத்தாச்சியை ஏற்ற முடியுமா? கீழ் டிவிஷனில் போன் சிக்னலும் இல்லை. அம்புலன்ஸுக்குச் சொல்வதென்றால் ஒருவர் மெயின் ரோட்டுக்கு ஏறி வர வேண்டும். அதனால் அவசரத்துக்குத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருவார்.

சின்ன ஜப்பான் கார். இறக்குமதியை நிறுத்தி, புது வண்டி நாட்டுக்குள் வராத வருசங்கள் அவை. இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். அதன் எஞ்சின் செத்துப்போனது. நான் உடைந்த வண்டி ஒன்றிலிருந்து கொஞ்சம் பெரிய எஞ்சினைக் கழற்றி அதில் வைத்தேன். ஓடியது. ஆனால் நாலு பேர் ஏறினால் கடைசி வளைவில் மூச்சு வாங்கியது. ஒருநாள் ஒன்பது மாதப் பெண்ணை இறக்கிவிட்டு, கார் முன்னால் ஏற, அவள் பின்னால் நடந்து வந்தாள். மிஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குத்தான் டர்போ போட்டேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சாமான் அது. வேறொரு வண்டியிலிருந்து எடுத்தது. பைப் எல்லாம் நானே வளைத்து, நானே வெல்டிங் செய்தேன். பன்னிரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகு அந்தக் கார் நாலு பேரோடு மூன்றாம் கியரில் ஏறியது. பொனெட்டைத் திறந்து காட்டச் சொல்லி ஹப்புத்தளையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். ஓட்டோக்காரன் தானே செய்த மாதிரி விளக்கம் சொல்வான். எனக்குப் பெருமைதான். மறைக்கவில்லை.

மிஸ் மட்டும் பெருமைப்படவில்லை. கேட்டார்.

"அண்ணே, இதுக்கு கம்ப்யூட்டர் டியூனிங் தேவையா?"

ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கார்களுக்குள் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று அதுதான் கணக்குப் பார்த்து விடும். எஞ்சினை மாற்றியமைத்தால் அதற்கும் சொல்ல வேண்டும். பதுளையில் ஒரு பையன் லெப்டொப்பை மாட்டி அதைச் செய்கிறான். மூன்று நாள் கார் அவனிடம் நிற்க வேண்டும்.

அது அவனுடைய வியாபாரம் மிஸ் என்றேன். இருபத்தெட்டு வருசம் லெப்டொப் இல்லாமல்தான் வண்டி செய்கிறேன் என்றேன்.

"அது உங்களப் பத்தி. நான் வண்டியப் பத்திக் கேட்டேன்" என்றார்.

எனக்கு அந்த மாமியார் நினைவு வந்தது. கொஞ்சம் சுட்டது.

உண்மையைச் சொல்கிறேன். காற்று வடிகட்டி மாற்றினால் தேவையில்லை. சைலன்சர் மாற்றினாலும் பெரும்பாலும் தேவையில்லை, கம்ப்யூட்டர் தானே சமாளித்துக்கொள்ளும். டர்போ போட்டால் தேவை. உள்ளே வரும் காற்று கூடிவிட்டது என்று அதற்குத் தெரியாது. பழைய கணக்குக்கே பெட்ரோல் விடும். சும்மா ஓடும்போது ஒன்றும் ஆகாது. பாரம் ஏற்றி, மேட்டில், தொடர்ந்து மிதித்தால் உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் உருகும். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். மெதுவாக ஊதும்படிதான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டிப் பார்த்தபோது நான் ஒருவன்தான் காரில் இருந்தேன்.

மிஸ் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். அதில் காரைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார். பிள்ளைத்தாச்சிகளுக்கு எழுதுவது போலவே. எத்தனை பேர் ஏறினார்கள், எந்த வளைவில் சூடு முள் ஏறியது, என்ன சத்தம், எவ்வளவு நேரம். கராஜுக்கு வந்து வாசித்துக் காட்டுவார். மேட்டில் மிதிக்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் என்றார். தோட்டத்து ரோட்டில் கல் தெறித்து அடியில் அடிக்கும் மிஸ், எல்லா வண்டிக்கும் உள்ளதுதான் என்றேன். எங்கள் பக்கத்தில் எந்த டிரைவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். கல் ரோட்டில் பிறந்து வளர்ந்த காது. எந்தச் சத்தத்தையும் கல் கணக்கில் போட்டுவிடும்.

ஒரு கிழமை கழித்து வந்தார். கொப்பியைத் திறந்தார்.

"தார் ரோட்டுக்கு ஏறின பிறகும் அந்தச் சத்தம் இருக்கு. தார் ரோட்டுல கல் எங்க இருந்து வருது அண்ணே?"

பார்க்கிறேன் என்றேன்.

அப்போது கீழ் டிவிஷனில் இரண்டு பேருக்கு மாதம் நெருங்கியிருந்தது, ஒருத்தி அந்த மாமியாரின் மருமகள். மூன்று நாள் காரைப் பதுளையில் விட்டால் அந்த மூன்று நாளில் ஒருத்திக்கு வலி வந்தால் என்ன செய்வது? விடாமல் வைத்திருந்து வழியில் எஞ்சின் போனால் என்ன செய்வது? இதுதான் அவருக்கு இருந்த கவலை. அதை என்னிடம் மறைக்காமல் சொன்னார். நகத்தைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் நகம் கடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். தேவை என்றால் நாளைக்கே கொண்டுபோய் விடுகிறேன், அந்த மூன்று நாளைக்கு எங்கேயாவது வேன் பிடிக்கிறேன் என்றார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றார்.

பொனெட்டைத் திறந்து, எஞ்சினுக்குள் தீப்பொறி விடும் பிளக் ஒன்றைக் கழற்றினேன். பிளக்கின் முனை இளம் மண் நிறமாக இருக்க வேண்டும். இது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன் மேல் வெள்ளிப் பொடி போலச் சின்னச் சின்ன மணி. அந்த மணி பிஸ்டனிலிருந்து வருவது. உள்ளே உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மிஸ் போனில் யாருடனோ பேசிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் பிளக்கை என் களிசான் காலில் துடைத்தேன். திரும்ப மாட்டினேன்.

அவர் போனை வைத்துவிட்டு, "என்ன அண்ணே, கம்ப்..." என்றார்.

"தேவையில்ல மிஸ்."

ஏன் சொன்னேன்? பதுளைக்குப் போனால் அந்தப் பையன் பொனெட்டைத் திறப்பான். என் வேலையைப் பார்ப்பான். இந்த மாதிரி மாட்டிவிட்டு சும்மா ஓடவிட்டது எந்த மடையன் என்று கேட்பான். அது மிஸ் காதில் விழும். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

மிஸ் அன்றைக்கு எதை வச்சு என்று கேட்கவில்லை. சரி அண்ணே என்று போய்விட்டார். அது எனக்கு நிம்மதியாக இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஏறி வரும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பேன். மேட்டைத் தாண்டி சத்தம் மறையும்வரை வேலை ஓடாது. நாலாம் நாள் சொல்லிவிடுவோம் என்று கிளினிக்குக்கே போனேன். வெளியே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் எழுந்து வந்து என்ன அண்ணே என்றார். முன் டயரில் காற்று குறைவாக இருக்கிறது, வரும்போது நிறுத்துங்கள் என்றேன். அதைச் சொல்லவா ஒன்றரைக் கட்டை தூரம் நடந்து வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை. பெரட்டில் பேர் கொடுத்து எல்லோரும் மலைக்குப் போய், முதல் கொழுந்து நிறுக்கும் நேரம். கார் ஏறி வந்தது. மிஸ் ஓட்டினார். பக்கத்தில் புருசன். பின்னால் அந்த மருமகளும் மாமியாரும். இரண்டு மணி நேரத்தில் மூன்று விதைதான் மாறியது என்று பிறகு தெரிந்தது.

கார் தார் ரோட்டில் ஏறித் திரும்பியது. எனக்குச் சத்தம் கேட்டது. டிக் டிக் இல்லை. தகரத்தில் ஆணி அடிப்பது மாதிரி. நான் வெளியே ஓடி வந்து கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லித்தான் தூக்கினேன். ஆனால் முழுதாகத் தூக்கவில்லை. தோள் வரைக்கும்தான். மிஸ் வழக்கம் போல ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்.

அரை மணி நேரம் கழித்து தோட்டத்துக் கொழுந்து ஏற்றும் லொறி மேலே போனது. வெறும் லொறி. இந்த நேரத்தில் எங்கே போகிறது என்று பார்த்தேன். கேட்கவில்லை.

பிறகு மேலேயிருந்து ஓட்டோக்காரன் இறங்கி வந்தான். மிஸ் கார் ஹப்புத்தளைக்கு இந்தப் பக்கம் பனிமூட்டத்தில் ஆளில்லாமல் நிற்கிறது, ரோடெல்லாம் ஒயில் என்றான். அவன் ஓட்டோவிலேயே போனேன். நாங்கள் போனபோது காரில் ஆள் இல்லை. பின் சீட்டில் ஒரு கம்பளி கிடந்தது. பொனெட்டிலிருந்து இன்னும் ஒயில் கருகிய நாற்றம் வந்தது. பக்கத்தில் அவித்த சோளம் விற்கும் அம்மா சொன்னார், கொழுந்து லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது என்று. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்டேன். இரண்டு தடவை சோளம் வேக வைத்தேன் என்றார். முக்கால் மணி நேரம் இருக்கும். ரோட்டோரத்தில் அந்தப் பெண்ணை இடது பக்கம் சாய்த்து வைத்து மிஸ் வயிற்றில் கையை வைத்தபடியே இருந்தாராம். மற்றக் கையில் போன். அம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தாராம். முதலில் வந்தது லொறிதான்.

பதுளையில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. எடுத்தவுடன் அழவில்லை. பிறகு அழுதது. பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மிஸ் பஸ்ஸில் வந்து என் கராஜ் வாசலில் இறங்கினார். நான் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். பிஸ்டன் மேசையில் இருந்தது. நடுவில் ஓட்டை. சுண்டு விரல் போகும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை முனை, மணி, துடைத்தது, டயர் காற்று. நின்றுகொண்டே சொன்னேன். அவர் பிஸ்டனை எடுத்துப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"துடைச்சது தெரியாது. ஆனா நீங்க பொய் சொல்றது தெரிஞ்சது அண்ணே."

"எப்படி மிஸ்?"

"நான் கேட்டு முடிக்கல. அதுக்குள்ள தேவையில்லன்னுட்டீங்க. லயத்துல மாமியார்மாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

நான் தேவையில்லை என்ற அன்றைக்கே லொறி டிரைவரைப் பார்த்துச் சொல்லி வைத்தாராம். தான் பிள்ளைத்தாச்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு மேலே போவதைப் பார்த்தால் பின்னாலேயே வாருங்கள் என்று. கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் டிரைவரால் வர முடிந்தது. பதுளையிலும் கேட்டிருக்கிறார். அந்தப் பையன் அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.

தெரிந்தும் ஏன் அந்தக் காரில் போனீர்கள் என்று கேட்டேன்.

"வேற வண்டி எது அண்ணே?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிஸ்டனை மேசையில் வைத்தார். விரலில் பட்ட கரியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்து போனார்.

எஞ்சினைத் திரும்பச் சேர்த்து, லொறியில் ஏற்றி, நானே பதுளைக்குக் கொண்டுபோனேன். லெப்டொப் பையன் பொனெட்டைத் திறந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பைப் வேலை நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டான். நான் என்றேன். கையால் வளைத்ததா என்று கேட்டான். அவன் சிரித்திருந்தால் பரவாயில்லை.

மூன்று நாளில் முடித்துக் கொடுத்தான். சொன்ன மூன்று நாள்தான். அதற்குப் பிறகு அந்தக் கார் நாலு பேரோடு சத்தம் இல்லாமல் ஏறியது. மிஸ் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வருசம் மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. போகும் நாள் காரை நிறுத்தி இறங்கினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நன்றி சொல்வார், நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார். மூச்சு குறைந்திருந்த பிள்ளை. வளர வளரத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடை, பேச்சு, காது. அந்த முக்கால் மணி நேரத்தால் ஏதாவது ஆனதா, அதற்கு முன்பே ஆகியிருந்ததா, யாராலும் சொல்ல முடியாது.

"புது மிஸ் மாசத்துக்கு ஒரு தடவைதான் பாப்பாங்க. நீங்க ரோட்டோரம் இருக்கீங்க. பாத்துக்கிட்டே இருங்க அண்ணே."

அது தண்டனையா, நம்பிக்கையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சரி மிஸ் என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பையனுக்கு இப்போது ஒரு வயது ஒன்பது மாதம். நடக்கிறான். கொஞ்சம் பிந்தித்தான் நடந்தான். பேச்சு இன்னும் வரவில்லை. ஆண் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று லயத்தில் சொல்கிறார்கள். அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினானாம்.

போன கிழமை அவன் அம்மா பஸ்ஸுக்காக என் கராஜுக்கு எதிரே நின்றாள். பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றான். நான் பெரிய ஸ்பெனரை எடுத்து சீமெந்துத் தரையில் போட்டேன். திரும்பவில்லை. அப்போது ஒரு லொறி போய்க்கொண்டிருந்தது. லொறி போய் முடியும்வரை நின்றேன். குனிந்து எடுத்து, இன்னொரு தடவை போட்டேன்.

திரும்பினான். என்னைப் பார்த்தான்.

அவன் அம்மாவும் பார்த்தாள். "என்னங்கண்ணே, கை நடுங்குதா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன்.